கோபல்ல கிராமம்: குடியேறிய குடும்பத்தின் பெண்கள்

கோபல்ல கிராமம், கி. ராஜநாராயணன் எழுதி 1976இல் வெளிவந்த நாவல். தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சித் தெற்கே ஓடிவந்த கம்மவார் குடும்பங்கள், கரிசல் காட்டை எரித்துத் திருத்தி ஊராக்கிக் கொண்ட கதை இது. இதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்கு 1991ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்தமான் நாயக்கர் என்ற நாவலையும் சேர்த்து மூன்றையும் ஒரே வரிசையாக வைத்துப் படிப்பவர்கள் உண்டு.

வட்டார மொழிக்காகவும் வாய்மொழிக் கதைசொல்லலுக்காகவும் இந்நாவல் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. ஊரை உண்டாக்கிய குடும்பத்தில் பெண் எங்கே இருந்தாள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நாவலில் பெண்கள் இல்லாமல் இல்லை; முக்கியமான மூன்று இடங்களில் பெண்களே நிற்கிறார்கள். ஆனால் நிலத்தில் நாள்தோறும் குனிந்து நிமிர்ந்தவள் அந்த மூவரில் இல்லை. இக்கட்டுரை அந்த விடுபடலைப் பற்றியது.

கரிசல் என்றதும் கோவில்பட்டிப் பக்கம் மட்டுமே நினைவுக்கு வருவது பழகிவிட்டது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் கருமண் பரந்து கிடக்கிறது. செந்துறை வட்டத்து ஆலத்தியூர்ப் பக்கம் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ரெட்டியார் குடும்பங்கள் பெரம்பலூர் வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டுக்குள் ஒரு மொழி, களத்துமேட்டில் ஒரு மொழி என்ற வாழ்க்கை இப்பகுதி வாசகர்களுக்குப் புதிதல்ல. எனவே இந்நாவலை அடுத்த சீமைக் கதையாக அவர்கள் படிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்

கி. ராஜநாராயணன் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தவர். எழுத்தாளர் கு. அழகிரிசாமி அதே ஊர்க்காரர், இளமைத் தோழர். கி.ரா.வின் குடும்பம் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். எழுத வருமுன் அவரும் சம்சாரிதான். மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதாகவும், அங்கும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் வேடிக்கையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்ததைப் பள்ளி ஆசிரியர்கள் சற்று யோசித்துப் பார்க்கலாம். 2021 மே 17 அன்று புதுச்சேரியில் காலமானார்.

1982இல் அவர் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்கு அகராதியை இந்நாவலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும். நாவலில் சொல்லாமல் விட்ட பல வேலைகளும் பண்டங்களும் அகராதியில் சொற்களாக உட்கார்ந்திருக்கின்றன.

ஊருணியில் ஒரு சாவு

குடியேற்றத்தைச் சொல்ல வந்த நாவல் குடியேறியவர்களிடமிருந்து தொடங்கவில்லை. நிறைசூலியான இளம்பெண் ஒருத்தி வெயிலில் தனியே நடந்து வருகிறாள். தாகம் தீர ஊருணியில் இறங்குகிறாள். அவள் போட்டிருக்கும் நகைக்காக ஒரு கள்வன் அவளை நீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். சாகும் நேரத்தில் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் அந்தப் பிடி விடவில்லை. அதனாலேயே அவன் அகப்படுகிறான். பின்னர் ஊர் கூடி விசாரித்து அவனைக் கழுவில் ஏற்றுகிறது.

இந்தத் தொடக்கத்தைக் கோபல்லத்தாரின் நீதி முறையைக் காட்ட எழுதியதாகவே பெரும்பாலும் வாசிக்கிறார்கள். அது சரிதான். அந்த ஊரில் கச்சேரியும் இல்லை, போலீசும் இல்லை; கோட்டையார் வீட்டுப் பெரியவர்கள் வைத்ததே தீர்ப்பு என்பது இங்கே நிறுவப்படுகிறது. ஆனால் கள்வன் எதைப் பறிக்க வந்தான் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கரிசல் பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்ல இருந்தது காதிலும் கழுத்திலும் கிடந்ததுதான். வீடு மாமனாருடையது. மாடு புருஷனுடையது. நிலம் அண்ணன் தம்பிகளுடையது. பிறந்த வீட்டிலிருந்து வந்த பொன் ஒன்றே அவளோடு நடந்து போகும் சொத்து; வழியில் உயிருக்கு உலை வைப்பதும் அதுவே. காணியைப் பற்றிய நாவல், காணியில்லாத ஒருத்தியின் நகைக்கொலையில் தொடங்குவதை ஆசிரியர் திட்டமிட்டுச் செய்தாரா என்பது முக்கியமில்லை. அது அங்கே இருக்கிறது.

அழுகைக்கு இடம் கொடுக்காமல் இந்தப் பகுதியை எழுதியிருப்பது கி.ரா.வின் பலம். அவளுடைய பல்லின் பிடியைப் பார்த்தபடி அப்படியே சொல்லிவிட்டுக் கதை மேலே போகிறது.

மங்கத்தாயாரு அம்மாள்

இரண்டாவது பெண் மங்கத்தாயாரு அம்மாள். நூறு வயதைக் கடந்த பூட்டி. கோட்டையார் வீட்டுப் பேரன் பேத்திகளும் அவர்களின் பிள்ளைகளும் சூழ்ந்திருக்க, தெலுங்கு தேசத்தை விட்டு வந்த கதையை அவள்தான் சொல்கிறாள். ஊருக்குச் செப்பேடு கிடையாது, கல்வெட்டு கிடையாது. அவள் நாக்குதான் ஆவணம்.

நாவலின் வடிவமே இந்தக் கிழவியிடமிருந்து வந்தது எனலாம். ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குத் தாவுவது, நடுவில் ஒரு வேடிக்கை, பிறகு விட்ட இடத்துக்குத் திரும்புவது என்று கதை நடக்கிறது. நேர்கோட்டில் ஓடும் கதையைத் தேடுபவர்களுக்கு இது அலுப்பைத் தரும். திண்ணையில் பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. தமிழ் நாவலில் ஒரு சமூகத்தின் முழு வரலாற்றையும் ஒரு கிழவியின் வாயில் ஒப்படைத்தது பெரிய காரியம். அரசர் பெயரும் ஆண்டு எண்ணும் இல்லாமலேயே வரலாறு எழுதலாம் என்று இந்நாவல் காட்டியது.

இந்த மதிப்பை அவள் எப்போது பெற்றாள் என்பதும் கவனிக்க வேண்டியது. முப்பது வயது மருமகள் ஒருத்தி ஆண்கள் நடுவில் அமர்ந்து குலக்கதை சொல்லியிருக்க முடியாது. உடம்பில் உழைப்பும் ஆசையும் ஓய்ந்த பிறகுதான் பெண்ணுக்குப் பேச்சு கிடைக்கிறது. பேசக் கிடைத்த பிறகும் அவள் சொல்வது குடும்பத்தின் கதையை. தனக்குக் கல்யாணமானது, பிள்ளை பெற்றது, வந்த புதிதில் இந்த உப்புத் தண்ணீரில் எப்படிச் சோறாக்கினாள் என்பதெல்லாம் கதையின் ஓரங்களில்கூடப் போதிய அளவு வரவில்லை. ஒரு ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சென்னாதேவி

அவள் சொல்லும் கதையின் நடுவில் சென்னாதேவி இருக்கிறாள். பேரழகி. அவளைத் துலுக்க ராஜா கேட்கிறான். கொடுக்க மனமில்லாத சுற்றத்தார் வீடு, நிலம், மாடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு இரவோடிரவாகக் கிளம்புகிறார்கள்.

இது கி.ரா. தாமாகக் கற்பனை செய்த நிகழ்ச்சி மட்டுமல்ல. தென்னாட்டில் குடியேறிய சமூகங்களிடம் இதே அச்சில் வார்த்த கதைகள் வழங்கி வந்திருக்கின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற தொகுதியில், தொட்டிய நாயக்கர்கள் துரத்தப்பட்டு வந்தபோது ஆற்றின் இரு கரையிலும் இருந்த புங்க மரங்கள் வளைந்து பாலமாக நின்று வழிவிட்ட கதை பதிவாகியுள்ளது. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டி நாடு வந்ததற்கும் பெண்ணை முன்னிட்டு மன்னனோடு நேர்ந்த பகையே காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே மன்னன் சோழன். ஆகவே இந்தக் கதைகளில் வரும் அரசன் எந்த மதத்தவன் என்பது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுகிறது. கேட்கப்படும் பெண் மட்டும் மாறுவதில்லை. நாவலில் வரும் ராஜாவை வைத்து மதப்பகையை வாசிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

வரலாற்றாய்வு வேறு காரணங்களைச் சொல்கிறது. விசயநகரப் படைகளோடும், 16ஆம் நூற்றாண்டில் அமைந்த மதுரை நாயக்கர் ஆட்சியோடும் தெலுங்கு பேசும் மக்கள் அலையலையாகத் தெற்கே வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் வேளாண் வரலாற்றை 1985இல் நூலாக எழுதிய டேவிட் லட்டன், ஆற்றுப்பாசன வயல்கள் முன்பே பிறர் கையில் இருந்ததையும், வந்தவர்கள் மானாவாரிக் கருமண் பகுதியில் பரவியதையும் விளக்குகிறார். கருமண்ணை உழுதறிந்தவர்களுக்குக் கருமண் கிடைத்தது. வந்ததற்குப் படையும் பிழைப்பும் காரணம். இங்கேயே தங்கியதற்கு மண் காரணம்.

அப்படியானால் சென்னாதேவி எதற்காக? மண்ணைத் தேடி வந்தோம் என்று சொல்வதைவிட மானத்தைக் காக்க வந்தோம் என்று சொல்வது எந்தக் குலத்துக்கும் கௌரவம். அந்தக் கௌரவத்தைச் சுமக்க ஒரு கன்னிப்பெண் வேண்டியிருக்கிறது. அவள் அழகாக இருக்க வேண்டும், ஆபத்தில் இருக்க வேண்டும், அவ்வளவு போதும். இந்தக் கதையைக் கி.ரா. அழகாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அதைச் சற்றும் உரசிப் பார்க்கவில்லை. மற்ற இடங்களில் ஊராரின் பெருமைப் பேச்சைக் கிண்டல் செய்யத் தயங்காதவர், இங்கே மட்டும் கிழவியின் பக்கத்தில் பயபக்தியோடு உட்கார்ந்துவிடுகிறார்.

காடு திருத்திய கைகள்

நாவலில் மனதில் நிற்கும் பகுதிகளில் ஒன்று காட்டை எரித்து நிலமாக்குவது. தீ வைத்து, வேர் கல்லி, மேடு பள்ளம் நிரவி நிலம் உண்டாகிறது. அதற்குப் பிறகு தீவட்டிக் கொள்ளைக்காரர்களை ஊர் எதிர்கொள்வதும், கும்பினி ஆட்சி வந்து வேரூன்றுவதும் வருகின்றன. எல்லாம் ஆண்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் காரியங்கள்.

காடு ஒரு முறைதான் எரியும். அதற்குப் பின் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைதான் காட்டை நிலமாக வைத்திருக்கிறது. கரிசல் மண் மழையில் ஊறி உப்பும். நடந்தால் உள்ளங்காலில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடியிலும் கனம் கூடும். கோடையில் வெடித்துப் பாதம் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாகப் பிளக்கும். நீரைப் பிடித்து வைக்கும் குணம் அதற்கு உண்டு என்பதால் ஐப்பசி மழையை நம்பியே கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்தன. கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீர். ஆகவே குடிக்க ஊருணி.

இந்த மண்ணில் குடியானவப் பெண்ணின் நாள் கோழி கூவுமுன் உரலில் தொடங்கும். கம்பைத் தண்ணீர் தெளித்துக் குத்திப் புடைத்து, திரித்து, கூழாக்க வேண்டும். மோர் கடைய வேண்டும். ஊருணிக்கு நடக்க வேண்டும். சாணி அள்ளித் தொழுவைக் கூட்டி, கஞ்சிக் கலயத்தோடு காட்டுக்குப் போனால் அங்கே களை நிற்கும். கார்த்திகை, மார்கழி களைக்குரிய மாதங்கள். மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கத் தொடங்கினால் சித்திரை வெயில் வரை எடுப்பு. பருத்தியைக் காலைப் பனி ஈரம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த சருகு தூளாகிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், விலை குறையும். அதனால் இருட்டோடு காட்டில் நிற்க வேண்டும். மடியில் சேர்த்து, களத்தில் கொட்டி, காயவைத்து, நல்லது கெட்டது பிரித்து, மணையில் வைத்துக் கொட்டை நீக்க வேண்டும். கொட்டை மாட்டுக்கு. எடுத்து முடிந்த செடியும் சும்மா கிடக்காது; பிடுங்கிக் கட்டிய பருத்திமார்தான் ஆண்டு முழுவதும் அடுப்புக்கு விறகு. விளைந்த தானியத்தைக் குலுக்கையில் கொட்டி வைத்து, அடுத்த மழை வரை வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணி அளந்து எடுப்பதும் அவள் கணக்கு.

கருங்கண்ணிப் பருத்தியால் தூத்துக்குடித் துறைமுகம் செழித்தது. கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பருத்தியைக் கையால் எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது இந்தப் பெருமைகளோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

கோபல்ல கிராமத்தில் இந்த வேலைகள் பின்னணியாகத் தெரிகின்றன, நிகழ்ச்சியாக ஆவதில்லை. தீ வைத்த நாளுக்கு நாவலில் இடம் உண்டு. களை எடுத்த நூறு ஆண்டுகளுக்கு இல்லை. இது கி.ரா.வுக்குத் தெரியாத உலகம் அல்ல. அவருடைய அகராதியிலும் சிறுகதைகளிலும் இது கொட்டிக் கிடக்கிறது. ஊர் தோன்றிய கதை என்ற அச்சுக்குள் அதற்கு இடமில்லாமல் போனது என்பதே பொருத்தமான விளக்கம்.

மெனோனைட்டுகளிடம் ஒரு ஒப்பீடு

உலகின் வேறொரு மூலையில் நடந்த குடியேற்றத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மெனோனைட்டுகள் என்போர் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு கிறித்தவப் பிரிவினர். மென்னோ சைமன்ஸ் என்ற போதகரின் பெயரால் அழைக்கப்படுகிறவர்கள். ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்கள் நெறி. அதனால் நாடு விட்டு நாடு போய்க்கொண்டே இருந்தார்கள். 1789இல் இன்றைய உக்ரைனில் கோர்த்தித்சா என்ற இடத்தில் குடியேறினார்கள். அப்பகுதியும் கருமண் வெளிதான். 1874இல் ருசியப் பேரரசு கட்டாயப் படைச்சேவையைக் கொண்டுவந்தபோது மீண்டும் மூட்டை கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் சுமார் 18,000 பேர் வட அமெரிக்கா சென்றனர். அவர்களில் 7,000 பேர் அளவில் கனடாவின் மானிடோபாவுக்குப் போனார்கள்.

போன முதல் குளிர்காலத்தைப் பல குடும்பங்கள் புல்மண் பாளங்களால் கட்டிய குடிசைகளில் கழித்தன. மரம் கிடைக்காத வெளியில் வைக்கோலையும் காய்ந்த சாணிக் கட்டிகளையும் எரித்து அடுப்பு மூட்டும் பழக்கத்தைப் பெண்கள் ருசியாவிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். வறட்டி தட்டிய கை எந்தக் கண்டத்திலும் ஒன்றுதான். பால் கறப்பதும் தோட்டம் போடுவதும் வரிசையாகப் பிள்ளை பெறுவதும் அவர்கள் வாழ்க்கை. சபையில் பேசவும் வாக்களிக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

ஒன்றில் மட்டும் பெரிய வேறுபாடு. இந்த மெனோனைட்டுகளின் சபை விதிப்படி மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் சம பங்கு உண்டு. தாய் தந்தை இறந்தால் பிள்ளைகளின் பங்கைக் காக்கச் சபையிலேயே ஓர் அமைப்பு இருந்தது. ராய்டன் லூவன் என்ற கனடிய வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியுள்ளார். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டு நிலத்தில் வந்து அமர்வது அங்கே வழக்கத்தில் இருந்தது. சபையில் வாய் திறக்க முடியாதவளுக்குக் காணி இருந்தது. கோபல்லத்து மங்கத்தாயாருக்கு அதற்கு நேர்மாறு: வாய் கிடைத்தது, காணி கிடைக்கவில்லை.

கன்னிமை

நாவலில் விடுபட்ட பெண்ணைக் கி.ரா.வின் கன்னிமை என்ற சிறுகதையில் பார்க்கலாம். நாச்சியாரம்மா கரிசல் சம்சாரி வீட்டுப் பெண். கன்னியாக இருந்தபோது கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் அள்ளிக் கொடுத்தவள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு கணக்குப் பார்க்கும் கறாரான குடும்பத்தலைவியாக மாறிவிடுகிறாள். பழைய நாச்சியாரம்மா எங்கே போனாள் என்ற ஏக்கம்தான் கதை.

தமிழின் சிறந்த கதைகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் கதையின் முதற்பாதியைச் சொல்பவன் அவளுடைய சகோதரன். பிற்பாதியைச் சொல்பவன் கணவன் ரங்கையா. இருவரும் அவளிடமிருந்து பெற்றவர்கள், இருவரும் பெறுவது குறைந்ததும் வருந்துகிறார்கள். பிறந்த வீட்டில் அவள் அள்ளிக் கொடுத்தது தகப்பன் விளைச்சல். புகுந்த வீட்டில் அவள் இறுக்கிப் பிடிப்பது அடுத்த மழை வரைக்குமான கஞ்சி. குலுக்கையில் கை விட்டுத் தானியத்தின் மட்டம் பார்ப்பவளுக்குத்தான் அந்த மாற்றத்தின் காரணம் தெரியும். இதைக் கதை நேராகச் சொல்வதில்லை. ஆனாலும் நாச்சியாரம்மாவைக் குறை சொல்ல வந்த கணவனின் பேச்சிலிருந்தே வாசகர் அவள் பக்கம் சாய இடமிருக்கிறது. சென்னாதேவிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவள் கல்யாணமாகாத நாச்சியாரம்மாவாகவே உறைந்துபோனவள்.

காட்டுக்கு வெளியே நின்றவர்கள்

ஊர் அமைந்த கதைகள் எல்லாவற்றிலும் வந்த இடம் ஆளில்லாக் காடாகவே இருக்கும். உக்ரைன் புல்வெளியில் நோகாய் மேய்ப்பர்களும் மானிடோபாவில் பூர்வகுடிகளும் மெத்தி மக்களும் முன்பே இருந்தார்கள். கரிசலிலும் ஆடு மேய்த்தவர்கள், வேட்டையாடியவர்கள், பிறர் காட்டில் கூலிக்கு நின்றவர்கள் இருந்திருப்பார்கள். கோட்டையார் வீட்டுக் கண்ணால் பார்க்கும் இந்நாவலில் அவர்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள்.

அந்தப் பக்கத்தை அறியப் பூமணியின் பிறகு நாவலைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1979இல் வந்த அந்நாவல் இதே கரிசலில் செருப்புத் தைத்து வாழும் அழகிரியின் குடும்பத்தைச் சொல்கிறது. அவர் மகள் முத்துமாரியின் வாழ்க்கையை வாசிக்கும்போது, காடு திருத்திய குடும்பத்துப் பெண்ணுக்கும் கீழே இன்னொரு படி இருந்தது தெரியும். கம்மவார் வீட்டுப் பெண்ணுக்கு நிலம் இல்லாவிட்டாலும் நிலமுள்ள வீட்டில் அடுப்பு இருந்தது.

காணியும் பெயரும்

தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது 1989இல். அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகே அந்தக் கோடு அழிந்தது. கோபல்ல கிராமம் வெளிவந்த 1976இல், நாவலின் கதை நடந்த காலத்தைப் போலவே, கரிசல் வீட்டு மகள்களுக்கு அந்தப் பிறப்புரிமை இல்லை.

இப்போது அரியலூர் மாவட்டத்துக் கருமண்ணுக்குத் திரும்பலாம். இங்கே மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் என்பதற்குச் சாட்சியாகச் சிப்பிப் புதைபடிவங்கள் அகப்படுகின்றன. அந்தக் கல்லை நம்பி ஆலத்தியூரில் 1997இல் சிமெண்டு ஆலை வந்தது. அதை நடத்தும் ராம்கோ நிறுவனம் ராஜபாளையத்தில் வேர் கொண்டது. அந்த ஊரும் தெலுங்கு பேசும் ராஜுக்கள் முற்காலத்தில் தெற்கே வந்து குடியேறிய ஊர் என்பது நாவலைப் படித்தவர்களுக்குச் சுவையான செய்தி. கருமண்ணை உழ வந்தவர்களின் வழிவந்தோர் அதன் அடியிலுள்ள கல்லுக்காகவும் வந்திருக்கிறார்கள்.

கல் வெட்டும் ஊர்களில் மேல்மண்ணுக்கு ஒரு விலை, அடிக்கல்லுக்கு ஒரு விலை. காடு கைமாறும்போது பட்டாவில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போடுகிறார். பழைய பட்டாக்களில் பெண் பெயர் இருந்தால் பெரும்பாலும் அவள் விதவையாகவோ ஆண் பிள்ளை இல்லாதவளாகவோ இருப்பாள். அதே காட்டில் எந்த மூலையில் நீர் தேங்கும், எந்தச் சாலில் பருத்தி முந்தி வெடிக்கும், எந்த வரப்போரம் கோரை விடாமல் முளைக்கும் என்பதை, இருபது முப்பது ஆண்டுகள் அங்கே களை எடுத்தவள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பாள்.